மலையடி அணையில் தண்ணீரை இறக்குவது: கரையும் மீனும்

ஆகஸ்ட் 3 – போளூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

ஜவ்வாது மலை அடிவாரத்து நீர்த்தேக்கங்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தண்ணீரை ஓரளவு இறக்கி வைக்க வேண்டும் என்று ஒரு தரப்பினரும், இறக்கினால் மீன் வளம் அடியோடு போய்விடும் என்று மீன்பிடிக் குடும்பங்களும் சொல்லி வருகிறார்கள். கரை உடைந்தால் மீனும் மிஞ்சாது, ஊரும் மிஞ்சாது. ஆகவே மீனைக் கணக்கில் எடுப்பதே வீண் என்பது என் கருத்து. இதில் மறுக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 4

ஐயா, கரைதான் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாசனப் பணியில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு முழுவதும் டார்ச் லைட்டோடு கரைமேல் நடந்திருக்கிறேன். இந்தப் பகுதிக்காரர்களுக்கு நீரின் வேகத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, மைசூர்ப் பகுதியில் பாலாற்றின் மேல்பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் இருநூறு பேருக்கு மேல் கொண்டுபோனது. 2021 நவம்பரில் கௌண்டன்ய ஆற்று வெள்ளம் குடியாத்தத்தின் கரையோர வீடுகளுக்குள் புகுந்ததை நாமே பார்த்தோம்.

ஆனாலும் "மீனைக் கணக்கில் எடுப்பதே வீண்" என்ற உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. காரணம் மீன்மேல் உள்ள பரிவு மட்டும் இல்லை. மண் கரையுள்ள அணையில் தண்ணீரை அவசரமாக இறக்கினால் மீன் சாகும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது; அதே அவசரத்தில் கரையும் சரியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் நீரில் நின்ற மண் கரை உள்ளே நீரைக் குடித்து ஊறியிருக்கும். அணையில் நிற்கும் நீரின் பாரம் அந்தக் கரையின் உள்சரிவை, அதாவது நீர்ப்பக்கத்துச் சரிவைத் தாங்கிப் பிடித்திருக்கும். மதகை முழுவதும் தூக்கி இரண்டு நாளில் நீரை வடித்துவிட்டால், தாங்கி நின்ற நீர் போய்விடும், மண்ணுக்குள் ஊறிய நீர் அவ்வளவு விரைவில் வடியாது. ஊறிய மண்ணின் எடையும் உள்ளிருந்து தள்ளும் நீரின் அழுத்தமும் சேர்ந்து, கல் பதித்த உள்சரிவைக் கீழே இழுத்துவிடும். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதைக் கைப்பழக்கமாக வைத்திருந்தோம்.

இப்போது மீன் பக்கம் வாருங்கள். விரால் மீன் கரையோரத்துப் புல்லும் பாசியும் உள்ள ஆழமில்லாத நீரில்தான் முட்டையிடும். முட்டை மிதக்கும் இடத்தைத் தாயும் தகப்பனும் காவல் காக்கும். ஜிலேபிக் கெண்டை, முழங்கால் ஆழத்து மணலில் தட்டுப் போலக் குழி பறித்து முட்டையிடும். நாளுக்கு மூன்று அடி இறங்கினால் அந்த விளிம்பு முழுவதும் ஒரே பகலில் காய்ந்துவிடும். நாளுக்கு அரை அடி இறங்கினால் குஞ்சுகள் நீரோடு உள்ளே நகர நேரம் கிடைக்கும். ஆக, கரைக்குத் தேவையான நிதானமும் மீனுக்குத் தேவையான நிதானமும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. எவ்வளவு இறக்குகிறோம் என்பதைவிட, எத்தனை நாளில் இறக்குகிறோம் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 4, இரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கரையின் வெளி அடியில் கசிவு இருந்தால் அதைக் கண்டு உடனே பயப்படத் தேவையில்லை. எந்த மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக, ஒரே அளவில் வருகிறதா என்பதுதான் முக்கியம். எங்களுடன் இருந்த லஸ்கர் (மதகைத் திறந்து மூடிக் கரையைக் கவனிக்கும் பணியாளர்) ஒருவர் தினமும் காலையில் கசிவு நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஷெட்டின் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பார். மறுநாள் டம்ளரின் அடியில் மெல்லிய செம்மண் படிந்திருந்தால், கரைக்குள் இருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். ஏழு டம்ளர், ஏழு நாள். எந்தக் கருவியும் இல்லாமல் அவர் கரையின் உள்நிலையைப் படித்து வந்தார்.

ஆகஸ்ட் 9

நிதானம் தவறினால் என்ன ஆகும் என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். இடத்தின் பெயரும் பொறுப்பில் இருந்தவர்கள் யார் என்பதும் வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு மாவட்டத்தில் மலை ஓடை ஒன்றின் குறுக்கே கட்டிய சிறு நீர்த்தேக்கத்தில் மதகின் ஷட்டர் பழுதாகியிருந்தது. கோடையிலேயே சரிசெய்ய வேண்டிய வேலை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து, புரட்டாசி பாதியில்தான் ஒப்புதல் வந்தது. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், ஐந்தே நாளில் நீர் முழுவதையும் வெளியேற்றினார்கள். நான்காம் நாள் விடியற்காலையில் நான் அங்கே போனபோது, பனை மர உயரத்துக்கு நீர் நின்ற இடத்தில் ஒரு வாழைத்தோப்பு அளவுக்கு மட்டும் குட்டை எஞ்சியிருந்தது. அந்தக் குட்டையின் மேல்மட்டம் முழுவதும் வாய்கள். கட்லாவும் ரோகுவும் தலையை மேலே நீட்டி, திறந்து மூடித் திறந்து மூடிக் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. பகலில் பாசி வெளியிடும் பிராணவாயு இரவில் கிடையாது. மீனும் சேறும் பாசியும் சேர்ந்து இருப்பதையும் குடித்துவிடும். ஆகவே விடியலுக்கு முந்தைய நேரம்தான் நீரில் மூச்சு மிகக் குறைந்த நேரம். இடநெருக்கடியில் மீன்களே அடிச்சேற்றைக் கலக்கியதால் செவுள்கள் அடைத்துப் போயிருந்தன. ஏழரை மணிக்கு வெயில் ஏறும்போது பாதி மிதந்தது. குத்தகை எடுத்திருந்த சங்கத்தின் பெரியவர், மடித்துக் கட்டிய வேட்டியுடன் சேற்றில் இறங்கி நின்றார். ஒரு மீனைக்கூட அவர் கையில் எடுக்கவில்லை.

அதே வாரத்தில் உள்சரிவில் முப்பது அடி நீளத்துக்குக் கல் பதிப்பு வழுக்கி இறங்கியது. ஷட்டரைச் சரிசெய்யப் போய்க் கரையையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சித்திரையில் தொடங்கியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

ஆகஸ்ட் 11

4-ஆம் தேதிக் குறிப்பில் "நாளுக்கு ஒரு அடி" என்று எழுதியதைப் படித்த ஒருவர், மதகை ஒரே அளவில் திறந்து வைத்தால் தினமும் ஒரு அடி இறங்குமா என்று கேட்டார். உடனே ஆம் என்று பதில் சொல்லிவிட்டேன். பிறகு இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது தவறு என்று புரிந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள், திருத்தி எழுதுகிறேன்.

நீர்ப்பரப்பு 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடி இறங்க வேண்டுமானால் 43.56 லட்சம் கன அடி நீர் போக வேண்டும். வினாடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி. ஆகவே வினாடிக்குச் சுமார் 50 கன அடி திறந்தால் நாளுக்கு ஒரு அடி இறங்கும். இதுவரை சரி. ஆனால் மலையடி அணை அகலமான தட்டு அல்ல. இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு புனல் போலக் குறுகிக்கொண்டே போகும். பரப்பு 50 ஏக்கராகச் சுருங்கும்போது, மதகுக்கு மேல் நிற்கும் நீர் 36 அடியிலிருந்து 25 அடியாகக் குறைந்திருந்தால், மதகின் பாய்ச்சல் ஆறில் ஒரு பங்குதான் குறையும். ஏனென்றால் பாய்ச்சல் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 50 கன அடி 42 ஆகும். பரப்போ பாதியாகிவிட்டது. அப்போது ஒரு நாளில் 20 அங்குலம் இறங்கும்.

அதாவது மதகைத் தொடாமல் விட்டுவிட்டாலே, நாள் போகப்போக இறங்கும் வேகம் கூடும். மீன் நெருக்கடி அதிகமாகும் கட்டத்தில்தான் வேகமும் அதிகமாகிறது. ஆகவே தினமும் காலையில் நீர்மட்டம் காட்டும் கேஜ் கல்லைப் பார்த்து, ஷட்டரை அங்குலக் கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதற்கு அங்கேயே தங்கும் ஆள் வேண்டும். மலையடியில் செல்போன் சிக்னல் கூட இல்லாத அணைகளில் லஸ்கர் பணியிடம் காலியாகக் கிடந்தால், மேலே சொன்ன நிதானம் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 17

எல்லா அணைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறோம் என்று குடியாத்தத்து அன்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டது நியாயம்தான். நம் பகுதியிலேயே இரண்டு மாதிரி இருக்கின்றன.

கௌண்டன்ய ஆற்றின் குறுக்கே உள்ள மோர்தானா அணை 11.5 மீட்டர் உயரமும் 261.36 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்டது. உபரி நீர் வழியும் அதன் கலிங்கில் ஷட்டர் கிடையாது. நிறைந்தால் நீர் தானாகவே வழியும், நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கோடி போகும். அங்கே வெள்ளத்துக்கு முன் நீரை இறக்குவது என்றால் மதகுகள் வழியாகத்தான் முடியும். அப்படி வெளியேறும் நீர் வலது, இடது கால்வாய்களில் ஏரிகளுக்குப் போனால் அது வீணும் ஆகாது. கமண்டல நாகநதியின் குறுக்கே உள்ள செண்பகத்தோப்பு அணையோ 62.32 அடி உயரமும் 287.20 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. அது ஷட்டர்களால் நீரை நிறுத்தும் அணை. ஷட்டர் பழுதினால் அந்த அணையில் பல ஆண்டுகள் முழு அளவுக்கு நீர் தேக்க முடியாமல் இருந்தது படவேடு பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஷட்டர் உள்ள அணையில் எப்போது எவ்வளவு திறப்பது என்பது மனிதன் எடுக்கும் முடிவு. ஷட்டர் இல்லாத அணையில் அந்த முடிவை, கட்டும்போதே கலிங்கின் உயரம் எடுத்துவிடுகிறது. மீனுக்கான திட்டமும் இதற்கேற்ப மாற வேண்டும்.

2021-இல் நிறைவேறிய அணைப் பாதுகாப்புச் சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் அதில் அடங்கும்; 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டரைத் தொட்டாலே அடங்கிவிடும். மோர்தானாவின் கொள்ளளவு சுமார் 74 லட்சம் கன மீட்டர் என்பதால் உயரம் குறைவாக இருந்தாலும் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. பருவமழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் ஆய்வு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மழைக்கு முந்தைய ஆய்வை ஆகஸ்ட், செப்டம்பருக்குத் தள்ளாமல் மே மாதத்திலேயே முடித்தால், குறை தெரிந்த பிறகு நிதானமாக நீரை இறக்க நூறு நாளுக்கு மேல் கிடைக்கும். எனக்கு இதைவிட முக்கியமான கோரிக்கை வேறு இல்லை.

ஆகஸ்ட் 18

மீன் குத்தகையில் அரசுக்கு வரும் பணம் அற்பம், அதற்காக இவ்வளவு பேச்சா என்று ஒருவர் கேட்கிறார். பணத்தை வைத்துப் பார்த்தால் அணையில் தூர் வாருவதுகூட நஷ்டக் கணக்குத்தான். அந்த நீர்த்தேக்கத்தை நம்பி வலை வைத்திருக்கும் இருபது குடும்பங்களின் அடுப்பு அந்தக் கணக்கில் வராது.

ஆகஸ்ட் 30

கரையில் வளர்ந்த மரங்களைப் பற்றி வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி நல்ல கேள்வி கேட்டிருந்தார்: மரத்தின் நிழலும் வேரும் மீனுக்கு அடைக்கலம் தருகின்றனவே, எல்லாவற்றையும் வெட்டத்தான் வேண்டுமா? கரைமேல் வெட்ட வேண்டும் அம்மா, அதில் சமரசம் கூடாது. சீமைக் கருவேலத்தின் வேர் கரைக்குள் ஆழமாகப் போகும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடத்தில் குழாய் போல ஓட்டை மிஞ்சும். நீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். எலி வளையும் நண்டு வளையும் புதர் மறைவில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் கரைக்கு எதிர்ப்புறத்தில், ஓடை வந்து சேரும் மேல் கைகளில், நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களை விட்டுவைக்கலாம் என்று அவருக்கு எழுதினேன். அங்கேதான் விராலும் கெளுத்தியும் ஒண்டும்.

பின்குறிப்பாக ஒரு திருத்தம். என்னோடு வேலை பார்த்த நண்பர் தொலைபேசியில் அழைத்து, வேர் ஆட்டம் கண்ட பட்ட மரம் பெருவெள்ளத்தில் மிதந்து வந்து ஷட்டருக்குக் குறுக்கே சிக்கிக்கொள்ளும் என்பதை நினைவூட்டினார். அவர் சொல்வது சரி. ஆகவே உறுதியாக ஊன்றி நிற்பவற்றை மட்டும் விட்டுவிட்டு, சாய்ந்தவற்றைக் கோடையிலேயே அப்புறப்படுத்த வேண்டும்.

செப்டம்பர் 6

இதுவரை அணைக்கு உள்ளே இருக்கும் மீனைப் பற்றியே பேசினோம். அணைக்குக் கீழே ஆற்றில் இருப்பவை நம் பேச்சில் வரவே இல்லை. மதகைத் திறந்தவுடன் காய்ந்த ஆற்றில் நீர் ஓடும். பள்ளங்களில் ஒதுங்கியிருந்த சிறு கெண்டைகளும், பாசி பிடித்த பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு நிற்கும் விரல் நீள மீன்களும் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். புது நீர் கண்டால் ஏறுவது அவற்றின் இயல்பு. முட்டையிடவும் அதுதான் பருவம். பத்து நாள் கழித்து ஒரு மாலையில் ஷட்டரை ஒரே மூச்சில் இறக்கி மூடினால், மறுநாள் காலையில் பாறைக் குழிகளில் கையகல நீரில் அவை துடித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் துண்டை விரித்து அள்ளுவதையும், மீதிக்குக் காக்கைகள் வரிசையில் உட்கார்ந்திருப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது அதை வேடிக்கையாகக் கடந்துபோனேன் என்பதை நினைத்தால் இன்று மனம் சங்கடப்படுகிறது. ஷட்டரை மூடச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மூடுவதையும் மூன்று நாளில் படிப்படியாகச் செய்ய வேண்டும். கரைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை; கூடுதலாகப் போகும் நீரும் கொஞ்சம்தான்.

இன்னொன்று, நீர் மிகவும் தாழ்ந்த பிறகு அடி மதகைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றத்துடன் கறுத்த நீர் வரும். மூச்சுக்கு ஆகாத அந்த அடிநீரும் சேறும் கீழே உள்ள மடுக்களையும் கெடுத்துவிடும். இறக்குவதை நீர் உயரமாக இருக்கும்போதே, மேல் மதகு இருந்தால் அதன் வழியாகத் தொடங்குவது நல்லது.

செப்டம்பர் 7

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, போளூர் அன்பர் மீண்டும் எழுதியிருக்கிறார். "கசிவு கலங்கி வந்தால் அப்போதும் அரை அடி அரை அடியாகத்தான் இறக்குவீர்களா?" என்று அவர் கேட்டது என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது.

மாட்டேன். டம்ளரில் மண் படிந்து, கசிவின் அளவும் நாளுக்கு நாள் கூடினால், கிடைக்கும் எல்லா மதகையும் திறக்கச் சொல்வேன். கீழே உள்ள ஊர்களுக்குத் தண்டோரா போடச் சொல்வேன். உள்சரிவு வழுக்கினாலும் பரவாயில்லை, மீன் செத்தாலும் பரவாயில்லை, மனிதர்கள் கரையேறினால் போதும்.  இந்த இடத்தில் அன்பரும் நானும் ஒரே பக்கம்தான்.

ஆனால் அந்த நிலைமை திடீரென்று வருவதில்லை என்பதையும் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். கலங்கிய கசிவுக்கு முன் பல வாரங்கள் ஈரம் பரவிய மண் இருக்கும், அடிக்கரையில் கோடையிலும் பச்சையாக நிற்கும் கோரைப்புல் இருக்கும், ஆய்வுக் குறிப்பேட்டில் யாரோ எழுதி வைத்த ஒரு வரி இருக்கும். என் அனுபவத்தில், அவசரமாக நீரை வெளியேற்றிய ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய கோடையில் அந்த வேலையை நிதானமாக முடித்திருக்க முடியும்.

செப்டம்பர் 13

மீன் குஞ்சு விடும் மாதம் பற்றிக் கேட்டவருக்கு: கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள், தேங்கிய நீரில் அவை போதுமான அளவு பெருகுவதில்லை என்பதால்தான் ஆண்டுதோறும் குஞ்சு விடுகிறோம். கோடி போகிற அணையில் செப்டம்பரில் விட்டால், நவம்பரில் பெரும்பகுதி கலிங்கு தாண்டி ஆற்றோடு போய்விடும். வழிதல் நின்ற பிறகு, தை மாதத்தில், விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளை விடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் மழைக்கு முன் நீர் இறக்குவதில் சங்கங்களுக்கு உள்ள எதிர்ப்பும் பாதியாகக் குறையும். ஐப்பசிக்குள் மீன் வளர்ந்து, இறங்கும் நீரில் வலைக்கும் வாகாகக் கிடைக்கும். எதைப் பிடித்தாலும், மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எப்போதும் நிற்கும் நீரில், அதாவது டெட் ஸ்டோரேஜ் என்று நாங்கள் சொல்லும் அந்த மடுவில் மட்டும், வலை போடக் கூடாது. அடுத்த ஆண்டுக்கான தாய் மீன் அங்கேதான் இருக்கும்.

செப்டம்பர் 21

ஞாயிற்றுக்கிழமை ஆகையால் நேற்று இரவே கிளம்பி, மலையடியில் உள்ள ஒரு நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பழைய சங்கப் பெரியவரின் மகனோடு போயிருந்தேன். பத்து நாளாக அங்கே நீர் இறக்குகிறார்கள். புதிதாக வந்திருக்கும் லஸ்கர் இளைஞர். நோட்டுப் புத்தகத்தில் தினமும் காலை ஆறு மணி அளவை எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் ஆறு அங்குலம், பிறகு ஆறு, ஏழு, ஒன்பது. ஒன்பது வந்த அன்று ஷட்டரை இரண்டு திருகு குறைத்திருக்கிறார்; மறுநாள் ஆறு. யார் சொல்லித் தந்தது தம்பி என்று கேட்டேன். கோரைப்புல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நீர்விளிம்பில் இரண்டு கை அகலத்துக்குச் செந்நிறத்தில் ஒரு திட்டு மெல்ல அசைந்துகொண்டிருந்தது: விரால் குஞ்சுகள். அடியில் தாயின் தலை ஒரு முறை தெரிந்து மறைந்தது. முந்தின நாள் அந்தக் கூட்டம் இருந்த இடத்தை அவர் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்தார். குச்சி இப்போது ஈர மண்ணில், நீரிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றது.

வெளிக்கரையின் கசிவை டம்ளரில் பிடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பினோம். இன்று மாலை அவரே அழைத்துச் சொன்னார்: அடியில் ஒன்றும் படியவில்லை.